பேச்சி திரித்த கயிறு

சல்லடை ஆடுகிற சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

களத்தில் எள் சலிக்கிற சத்தம் இல்லை அது. எள் சலிக்கிற கைக்கு ஒரு அவசரம் உண்டு, ஒரு பாட்டு உண்டு. இது ஒரு ஆட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு ஆட்டு, ஒரு நிறுத்தம். நிறுத்துகிறபோதெல்லாம் ஹவில்தார் குட்டப்பன் குனிந்து சல்லடைக்குள் பார்ப்பார். இரண்டு விரலால் எதையோ எடுப்பார். மண்ணை ஊதிவிட்டு, பக்கத்தில் விரித்திருந்த கித்தானில் வைப்பார். போடமாட்டார். வைப்பார்.

அந்தக் கித்தானில் ஒரு மனிதனின் வலது கை சிறுகச் சிறுகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

சுற்றிலும் பருத்தி வெடித்திருந்தது. மேற்கே மலை, தன் மேல் ஒன்றுமே விழாதது போல நீலமாக நின்றது.

தொரைக்கு ஒரு வாய்

போன வாரம், கூடலூர் ஏலக்காய்க் கிட்டங்கியில் நான் கணக்கெழுத உட்கார்ந்த கதையோடு நிறுத்தியிருந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்குத்தான். குமுளிக்கு ஏறுகிற ஒவ்வொரு லாரிக்கும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். எங்கே போகிறதென்று தெரியாத வண்டியென்றால் மனசு அதன் பின்பலகையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போகும்.

அப்படி ஒரு வண்டி ஒரு நாள் எங்கள் வாசலிலேயே வந்து நின்றது. பட்டாளத்து லாரி. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் இருக்கும், கூடவும் இருக்கலாம். ஊரில் காக்கியைப் பார்த்தால் யாரும் இப்போது ஓடி ஒளிவதில்லை. யார் வீட்டுப் பிள்ளை திரும்பி வந்திருக்கிறான் என்றுதான் எட்டிப் பார்ப்பார்கள்.

இறங்கியவர் ஒல்லியான வெள்ளைக்கார கேப்டன். மதுரையிலிருந்து கூட்டிவந்த துபாஷிக்கு வழியில் குளிர்காய்ச்சல் கண்டுவிட்டதாம். இங்கிலீஷ் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். முதலாளி என்னைக் காட்டினார். காட்டிய விரல் கீழே இறங்குவதற்குள் நான் லாரியில் ஏறியிருந்தேன்.

"எங்கள் ஆட்கள் இரண்டு பேர் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். அழைத்துப்போக வந்திருக்கிறோம்" என்றார் கேப்டன்.

யாரோ காய்ச்சலில் கிடக்கும் சிப்பாய்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் என் காலடியில் கிடந்ததைப் பார்த்தேன். மண்வெட்டி, கரண்டி, சல்லடை. மடிப்புக் கலையாத புதுக் கம்பளிகள். நீளமாக இரண்டு பெட்டிகள்.

மலையில் விழுந்தது

அந்தச் சத்தம் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு மழைக்காலம். இடி என்றுதான் நினைத்தோம். இடிக்குப் பின்னால் வர வேண்டிய உருட்டல் வராததால் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தூங்கிப்போனோம்.

மறுநாள் மாடு தேடிப் போனவர்கள் மலைச்சரிவில் ஓர் இறக்கையைப் பார்த்தார்கள். சின்ன விமானம். உள்ளே இரண்டு பேர், வெள்ளைக்காரர்கள். ஒருவர் காதோரம் நரைத்தவர், மற்றவன் மீசை அரும்பாத பையன். அடிவாரத்தில் மானாவாரிக் காடு வைத்திருந்த மொக்கையனும் இன்னும் சிலரும் மூங்கிலில் கட்டிச் சுமந்து இறக்கினார்கள். ஊருக்குக் கொண்டுபோக ஓடையில் இடுப்புக்கு மேல் வெள்ளம். மழை விடவில்லை. வைத்திருக்க முடியாமல், மொக்கையன் தன் காட்டின் மேட்டிலேயே அவர்களை அடக்கம் செய்துவிட்டார்.

பிறகு போலீஸ் வந்தது, இறக்கையைப் பார்த்தது, எழுதிக்கொண்டு போனது. யுத்த காலத்துக் காகிதம். எங்கெங்கோ சுற்றிவிட்டு, சண்டையெல்லாம் ஓய்ந்தபிறகுதான் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடக்கம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். அது எப்படி நடந்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மொக்கையனின் பெண்சாதி பேச்சி இருவரையும் குளிப்பாட்டச் சொன்னாள். மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். வாய்க்கரிசி போட்டாள். கோடித்துணிதான் இல்லை. துணிக்கு அட்டை போட்டு அளந்து கொடுத்த காலம். அவள் பெட்டியைத் திறந்து, பச்சைக் கரை போட்ட வேட்டி ஒன்றை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். மகன் வந்தால் உடுத்த என்று வைத்திருந்த வேட்டி.

மகன் பெயர் முத்தையா. உத்தமபாளையத்தில் தமுக்கடித்து ஆள் எடுத்தபோது போனவன். மலாயாப் பக்கமிருந்து கடுதாசி வந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் விழுந்தபின் நின்றுபோயிற்று. காணவில்லை என்று ஒரு தந்தி. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. சண்டை முடிந்து மற்ற வீட்டுப் பையன்கள் தாடியும் எலும்புமாக வந்து இறங்கினார்கள். முத்தையா அவர்களில் இல்லை.

எங்கள் பள்ளத்தாக்குக்கு இது புதிதும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் அணை கட்டப் போய்த் திரும்பாதவர்கள் எத்தனையோ குடும்பத்தில் உண்டு. அவர்கள் தடுத்த தண்ணீர்தான் எங்கள் வயலுக்குள் வருகிறது. அவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று தண்ணீருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. காலத்துக்கு முந்திச் செத்தவனைப் பட்டவன் என்று சொல்லி, ஒரு கல்லை நட்டு, அவன் பெயரைக் கூப்பிட்டுப் பூப்போடுவோம். கல்லுக்குக் கீழே யாரும் இருக்கமாட்டார்கள்.

பேச்சிக்கு இங்கே அது தலைகீழாக அமைந்துவிட்டது. கல்லுக்குக் கீழே ஆள் உண்டு, கூப்பிடப் பெயர் இல்லை.

படுத்த ஆள எழுப்புவாகளா?

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேச்சி பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். மண்வெட்டிகளைப் பார்த்ததும் மடியில் பருத்தியோடு ஓடிவந்து இரண்டு மேட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"படுத்த ஆள எழுப்புவாகளா? எந்த ஊரு வழக்கம் தம்பி இது?"

மொக்கையன் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, நீ கிட்டங்கியில ஏலக்கா தட்டுற பயதான? தொப்பிக்காரனோட லாரியில வந்தா நீயும் தொரையா?"

"அவுக சொல்றதைத்தான் மாமா சொல்ல வந்தேன்..."

"நீ சொல்லாத. அவுகள சொல்லச் சொல்லு. நீ வெறும் வாயி."

கேப்டன் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் சொன்னார், நான் வெறும் வாயாக இருந்தேன். நாடு முழுக்கக் காட்டிலும் தோட்டத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் இப்படி ஒற்றை ஒற்றையாக ஆட்கள் கிடக்கிறார்கள். அவர்களையெல்லாம் மதராசில் ஓரிடத்தில் சேர்க்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு கல், கல்லில் பெயர். பார்த்துக்கொள்ள எப்போதும் ஆள் இருக்கும். நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள். ஆனால் காடு கைமாறும், மனிதர்கள் போய்விடுவார்கள், பிறகு இங்கே ஏர் ஓடும்.

காடு கைமாறும் என்பது மொக்கையனுக்குத் தெரிந்த விஷயம்.

"மதராசா? அவுக ஊருக்கு இல்லையா?" என்றாள் பேச்சி.

"இல்லை. யுத்தத்தில் இறந்தவர்களை அந்தந்த நாட்டிலேயே வைப்பது வழக்கம்."

"அப்ப அவுக ஆத்தா பாக்க முடியாதா?"

"கப்பலில் வந்தால் பார்க்கலாம். பெயர் இருப்பதால் கண்டுபிடிக்கலாம்."

அவள் என்னிடம் சொன்னாள். கேப்டனுக்குச் சொல்லச் சொல்லி அல்ல. என் முகத்தைப் பார்த்து, எனக்கே சொன்னாள்.

"நான் ஒரு கணக்குல இருந்தேன் தம்பி. இவுக ரெண்டு பேரையும் நான் பாத்துக்கிறேன், எம்மகன அங்கன எவளாச்சும் பாத்துக்கிருவான்னு. இவுகள இன்னைக்கு விட்டுட்டா, அவளும் அவன விட்டுருவாளோன்னு இருக்கு."

இதை எப்படி இங்கிலீஷில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஏதோ சொன்னேன். கேப்டன் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே கேட்டார். இந்த ஜில்லா வேலை முடிந்ததும் தான் மலாயாவுக்குத்தான் போவதாகச் சொன்னார். அங்கேயும் இதே வேலை, வெள்ளைக்காரர், இந்தியர் எல்லோருக்கும். தேடுகிறார்கள், இன்னும் தேடுவார்கள்.

பேச்சி மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

எழுத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று

முதலில் நாலு மூங்கிலை நட்டு, கூடாரத் துணியால் சுற்றி மறைத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வெளியே. உள்ளே பீடி கூடாது, எச்சில் கூடாது, யாரும் குழியைத் தாண்டக் கூடாது. மண்வெட்டி முழங்கால் ஆழத்தோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே கரண்டி. பிறகு கை. பச்சைக் கரையின் நூல் தெரிந்ததும் கரண்டியையும் வைத்துவிட்டு விரலால்தான்.

குட்டப்பன் பாலக்காட்டுக்காரர். பர்மாவில் இதே வேலை செய்துவிட்டு வந்தவர். தலை, கழுத்து, தோள் என்று வரிசை தப்பாமல் கித்தானில் கிடத்துவார். "கை விரல், கால் விரல், இது ரெண்டுமாக்கும் ஆதியம் காணாமப் போறது" என்று சல்லடைக்குக் காரணம் சொன்னார். "விரலில்லாம ஒருத்தனை எப்படியாக்கும் அனுப்பறது?"

கழுத்தருகே வந்ததும் அவர் கை நின்றது. மண்ணைத் துழாவினார். அடுத்த குழியிலும் துழாவினார். கேப்டனை நிமிர்ந்து பார்த்துத் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, இல்லையென்று தலையாட்டினார்.

கேப்டன் என்னிடம் கேட்டார்: "இவர்கள் கழுத்தில் கயிறு இருந்ததா?"

"இருந்துச்சு. அறுத்தாச்சு" என்றார் மொக்கையன், இதென்ன கேள்வி என்பது போல.

பட்டாளத்துச் சட்டம் ஒரு பக்கம், எங்கள் ஊர் மயானம் ஒரு பக்கம். நடுவில் நான்.

எங்கள் பக்கம், செத்தவன் உடம்பில் ஒரு முடிச்சு இருக்கக்கூடாது. குழிமேட்டில் வைத்துக் கால் பெருவிரல் கட்டை அவிழ்ப்போம். பிறந்த நாளிலிருந்து போட்டிருக்கிற அரைஞாண் கயிற்றையும் அறுத்துவிடுவோம். கட்டோடு போனால் உசிர் எப்படி விலகும்? அந்த இருவருக்கும் இடுப்பில் கயிறு இல்லை, கழுத்தில் இருந்தது. மொக்கையன் அரிவாளால் அறுத்தார். சொந்த மகனுக்கு என்ன செய்வாரோ அதைத்தான் செய்தார்.

"அதுல தட்டு மாதிரி ஏதோ கோத்திருந்துச்சு. எழுத்து இருந்ததுனால இவதான் தூரப் போடாம எடுத்து வச்சா."

காட்டு மூலையில் ஒரு கருப்பன் கல் உண்டு. பக்கத்தில் நட்டிருந்த வேலில் அவை தொங்கின. அட்டையைப் போலக் கெட்டியான தட்டுகள். சிவப்பில் இரண்டு, பச்சையில் இரண்டு. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்து, ஒரே முடிச்சாகப் போட்டுத் தொங்கவிட்டிருந்தாள்.

குட்டப்பன் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு பேச்சியிடம் தானே சொன்னார்.

"அம்மே, ஒவ்வொருத்தன் கழுத்திலும் ரெண்டு தட்டு உண்டு. ஆள் பேரு, மதம், எல்லாம் அதிலாக்கும். செத்தால் சிவப்பை நாங்க எடுப்போம், எழுத்துக்கு. பச்சை அவன்கூடவே கிடக்கும், அவன் ஆருன்னு பின்னால வர்றவனுக்குச் சொல்ல. இந்துவுக்கு விறகு அடுக்கணும், முஸ்லிமுக்கு மக்கம் பார்த்துக் குழி வெட்டணும். தட்டில்லேங்கில் எந்த வழிக்கு அனுப்பறது? எந்தப் பேரு எழுதறது?"

கேப்டன் கையில் இரண்டு பெயர் இருந்தது. கித்தானில் இரண்டு பேர் இருந்தார்கள். எந்தப் பெயர் யாருடையது?

எந்தப் பக்கம் பிள்ளை?

"ஒருவருக்கு நாற்பதை நெருங்கிய வயது. மற்றவன் இருபதைத் தாண்டாதவன்" என்றார் கேப்டன். "யாரை எங்கே வைத்தீர்கள்?"

"பிள்ளை கிழக்க" என்றாள் பேச்சி உடனே.

"மேற்க" என்றார் மொக்கையன்.

"கிழக்கய்யா. நித்தமும் பூப்போட்டவளுக்குத் தெரியாதா?"

"வெட்டுன எனக்குத் தெரியாதா? மறு வருசம் மழையில மேடு கரைஞ்சு போச்சு. கல்லத் திரும்ப நட்டவ நீ. எதை எங்கன நட்டயோ!"

"வாக்கப்பட்ட நாள்லருந்து நீ சொன்னது ஒண்ணாச்சும் சரியா இருந்திருக்கா? கெணறு வெட்டுன எடத்துல தண்ணி வந்துச்சா?"

கூடாரத் துணிக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். கேப்டன் என்னைப் பார்த்தார். கிணற்றைப் பற்றி நான் மொழிபெயர்க்கவில்லை.

குட்டப்பன் அதற்குள் மண்டியிட்டு, கிழக்கே கிடந்தவரின் தாடையைக் கையில் ஏந்தியிருந்தார். ஒரு குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலப் பெருவிரலால் துடைத்தார். கேப்டனும் குனிந்தார். கடைசிக் கடவாய்ப்பல் முழுசாக முளைத்து, மற்ற பற்களெல்லாம் தேய்ந்திருந்தன. மேற்கே கிடந்தவனுக்கு அந்தப் பல் ஈறைத் தாண்டியே வரவில்லை. எலும்புக்குள் இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

"மேற்கே இருப்பவன்தான் இளையவன்" என்றார் கேப்டன்.

மொக்கையன், "நான் சொன்..." என்று ஆரம்பித்தார். பேச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார்.

அவள் கிழக்குக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் அவள் பால் ஊற்றியது. அங்கேதான், முத்தையா வயசு இருக்கும் என்று சொல்லிச் சொல்லி அழுதது.

"அப்ப இம்புட்டு நாளும் நான் வேற ஆளுக்கா அழுதேன்?"

"அம்மே, கரையண்டா, அழ வேண்டாம்" என்றார் குட்டப்பன். "அவனுக்கும் ஒரு அம்ம இருப்பாளில்லே. அவளுக்குப் பதிலா அழுததுன்னு வெச்சுக்கோ."

அவள் அழவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். கேட்டபோது குரல் சாதாரணமாக இருந்தது.

"எம்மகன் கழுத்துலயும் இந்தத் தட்டு கெடந்திருக்குமா தம்பி?"

கேட்டுச் சொன்னேன். இருந்திருக்கும்.

"அங்கன அவன ஒருத்தி எடுத்துப்போட்டிருந்தா... என்னைய மாதிரி ஒருத்தி... அவளும் அறுத்துத்தான போட்டிருப்பா?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவள் கை தன் கழுத்துக்குப் போனதைக் கேப்டன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இத்தனை நாளும் அவள் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: மகனுக்கு ஒரு நல்ல மனுஷி கிடைத்திருக்க வேண்டும். இப்போது, கிடைத்திருந்தால்தான் ஆபத்து என்று ஆகிவிட்டது.

முடிச்சு

கம்பளியில் சுற்றினார்கள். தலைமாடு எது, கால்மாடு எது என்று தெரியும்படி, மடிப்பு பிசகாமல். வேட்டிக் கரையின் நூலையும் குட்டப்பன் எடுத்து உள்ளேயே வைத்தார். பச்சைத் தட்டைக் கட்ட வேண்டும். வேலில் தொங்கிய கயிறு தொட்டதும் இற்றுவிட்டது. ஒரு சிப்பாய் பையிலிருந்து கம்பி எடுத்தான்.

"கம்பி வேணாம்" என்றாள் பேச்சி.

உட்கார்ந்து மடியை அவிழ்த்தாள். அன்று எடுத்த பருத்தி. கொட்டையை விரலால் பிதுக்கி எறிந்து, பஞ்சை இழுத்து, தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினாள். விளக்குத்திரி திரிக்கிற கை அது. திரியைத் திரியோடு முறுக்கி, மறுபடி முறுக்கி, கயிறாக்கினாள். ஒரு பட்டாளத்து லாரி, ஒரு கேப்டன், மூன்று சிப்பாய்கள், நான், எல்லோரும் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மஞ்சத் தடவலாமா?"

"வேண்டாம் அம்மே. எழுத்து மறையும்."

இளையவனுக்கு முதலில் கட்டினாள். கழுத்து இருக்கும் இடத்தில் கம்பளிக்கு மேலே கயிற்றைச் சுற்றி, தட்டைக் கோத்து, முடிச்சுப் போட்டாள். அதன் மேல் இன்னொரு முடிச்சு. பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள்.

"கட்டோட அனுப்புறியே பேச்சி" என்றார் மொக்கையன், மெதுவாக.

"அனுப்புறேன். உசிரு போறப்ப போகட்டும். பேரு போகக்கூடாது."

பெரியவருக்கும் அப்படியே. பிறகு எழுந்து, கேப்டன் எதிரில் போய் நின்று, என்னைப் பார்க்காமல் அவரிடமே பேசினாள்.

"தொரை, அங்கன எந்தப் பொம்பளையாச்சும் அறுத்து வச்சிருந்தா, தூரப் போட வேணாம்னு சொல்லுங்க. எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

சொன்னேன். கேப்டன் யோசித்தார். மலாயாத் தோட்டங்களில் உங்கள் பாஷை பேசுகிற பெண்கள் நிறைய இருக்கிறார்கள் என்றார். அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே மறுபடி சொல்லும்படி என்னைக் கேட்டார். சொன்னேன்.

"தூர... போட... வேணாம்."

சிப்பாய்கள் பெட்டியைத் தூக்கும்வரை அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

ஒண்ணை விடு

லாரி போனபிறகும் நான் போகவில்லை. எந்த வண்டிக்குப் பின்னாலும் ஓடுகிற என் மனசு அன்று அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

மொக்கையன் மண்வெட்டியை எடுத்துக் கிழக்குக் குழியை மூடினார். மேற்குக் குழிக்கு வந்தபோது பேச்சி காம்பைப் பிடித்தாள்.

"ஒண்ண மூடிட்ட. ஒண்ண விடு."

"வெட்டுன குழி தெறந்து கெடக்கக்கூடாது கழுத. ஆள் கேக்கும்."

"கேக்கட்டும்."

"அவன் கெடச்சாலும் அங்கனயே வச்சிருவாகன்னு அந்தத் தொரை சொன்னத நீயும் கேட்டயில்ல?"

"கேட்டேன்."

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

மதராசில் அந்த இடத்துக்கு நான் ஒரு முறை போயிருக்கிறேன். புல் ஒழுங்காக வெட்டியிருந்தது. இரண்டு கல்லையும் கண்டுபிடித்தேன். பக்கத்தில் பக்கத்தில், பெயரோடு. கல்லில் கை வைத்தபோது அதற்குக் கீழே இறுக்கிய பருத்தி முடிச்சுதான் நினைவுக்கு வந்தது. கேப்டனிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. முத்தையாவைப் பற்றியும் வரவில்லை.

கூடலூரை விட்டு நான் கிளம்புகிற வரைக்கும் அந்தக் குழி அங்கே இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் மண் சரிந்து தூர்ந்துகொண்டே வரும். பேச்சி பருத்திக்குப் போகும்போது ஒரு கூடை எடுத்துப் போவாள். உள்ளே இறங்கி, சரிந்த மண்ணை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, பிறகு வேலையைப் பார்க்கப் போவாள்.